இரவல் பெயர்

கேக்கின் மேல் பச்சை ஐசிங்கில் நூறு என்று எழுதியிருந்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. முட்டையும் மாஜரினும் யானை விலை விற்ற அந்த நாட்களில் எங்கேயோ ஒரு கேக்கைச் செய்வித்துக்கொண்டு கிராம சேவகரும் இன்னும் சில உத்தியோகத்தர்களும் திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆட்கள் சைக்கிளில், கேக் மட்டும் ஆட்டோவில். வெயில் பட்டு ஒரு பூச்சியம் இளகி மற்றப் பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் மாமாவுக்கு, அதாவது என் கணவரின் தகப்பனாருக்கு, அன்று நூறு வயது நிறைகிறது. அடையாள அட்டை அப்படித்தான் சொன்னது.

முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டுவித்து, விறாந்தைக் கதிரையில் அவரை இருத்தியிருந்தேன். பொன்னாடையைப் பேசாமல் வாங்கிக்கொண்டார். கத்தியைக் கையில் கொடுத்தபோதுதான் பிடிவாதம் பிடித்தார்.

“இது ஆருக்கு?” என்று கேட்டார்.

“உங்களுக்குத்தான் ஐயா. நூறு வயசெண்டா லேசான விசயமே?” என்றார் கிராம சேவகர்.

“எனக்கு நூறு ஆகேல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். “பாத்தாலும் தெரியேல்லத்தான் ஐயா” என்று ஒரு பெண் உத்தியோகத்தர் பகிடி விட்டார். “நூறு அவனுக்கு. எனக்கில்லை” என்று மாமா திரும்பவும் சொன்னார். இந்தமுறை சிரிப்புக் குறைந்தது. வயது போனால் இப்படித்தான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவருடைய கையின் மேல் தங்கள் கையை வைத்து வெட்டுவித்துப் படமும் எடுத்தார்கள். முதல் துண்டை ஊட்டப் போனபோது அவர் அதைக் கையில் வாங்கினார். மெதுவாக எழும்பி மதிலடிக்குப் போய், அதை மதிலில் வைத்துவிட்டு “கா, கா” என்று கூப்பிட்டார். இறந்தவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் எங்கள் வீடுகளில் காகத்தை அப்படிக் கூப்பிடுவோம். தன் பிறந்தநாள் கேக்கை யாரும் காகத்துக்கு வைப்பதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்தவர்களுக்குப் பால்மா இல்லாத வெறும் தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் குசினி வாசலில் குந்திவிட்டேன்.

அந்த நாட்களில் நான் நல்ல களைப்பில் இருந்தேன். நான் தபாற்கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கணவர் நோயில் விழுந்தார். அவரைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மாமா இருந்தார். மகன் கட்டாரில். காலையில் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசைக்குப் போவேன், மத்தியானம் அதே வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவேன். மாமா தங்கமான மனிதர் என்று எழுதிவிட்டால் என் கைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நல்லவர்தான், ஆனால் மீன் குழம்பில் உப்புக் கூடினால் அன்று முழுவதும் என்னோடு பேசாமல் சுவரோடு பேசுவார். ஒரு காது துறைமுகத்து இரைச்சலில் எப்போதோ போய்விட்டது. மற்றக் காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

இருந்தாலும் அவரைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. யாராவது பெயரைக் கேட்டால் உடனே சொல்லமாட்டார். சண்டை நடந்த காலத்தில் திருகோணமலையில் பெயரைச் சொல்லாமல் சந்தைக்குக்கூடப் போக முடியாது. சந்திக்குச் சந்தி சென்றி என்ற இராணுவக் காவலரண், சென்றிக்குச் சென்றி “நம மொக்கத?”, உன் பெயர் என்ன என்ற சிங்களக் கேள்வி. மற்ற எல்லோருக்கும் கேட்டு முடியுமுன் பெயர் வாயில் வந்துவிடும். மாமா மட்டும் வாயைத் திறந்து, ஒருமுறை மூடி, எச்சிலை விழுங்கி, பிறகுதான் சொல்வார். அந்தத் தாமதத்துக்காகவே எத்தனையோ முறை வெயிலில் ஓரமாக நிற்க வைத்தார்கள். பயத்தில்தான் அவருக்கு நாக்கு ஒட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் நினைவிருக்கிறது. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, பள்ளிக்கூட முகாமில் ஒலிபெருக்கியில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பெயர் வந்ததும் மாமா பாயிலிருந்து துடித்து எழும்பி நின்றார். “என்ன மாமா, வெளியில போகோணுமோ?” என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று திரும்ப இருந்துவிட்டார்.

நான் அவருடைய பெயரைச் சொன்னதே கிடையாது. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கிளினிக்கில் தாதி பெயரைக் கேட்டால் அட்டையை நீட்டுவேன். “வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்று ஒருமுறை ஒரு தாதி கேட்டாள். பக்கத்து வாங்கில் இருந்த மூதூர் மனிசி ஒருத்திதான் எனக்காகப் படித்துச் சொன்னார். மாமியும் அப்படித்தான். முகாமில் காய்ச்சலில் கண்ணை மூடும் வரைக்கும் அவருக்கு மாமா “இஞ்சருங்கோ”தான். அதனால் எங்கள் வீட்டில் அவருடைய பெயர் ஒரு சத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

கேக் வெட்டிய அன்று பின்னேரம் மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் மாமா விறாந்தைக்கு வந்தார்.

“பிள்ளை, இஞ்ச வாங்கோ. ஒரு கதை இருக்கு.”

“இப்ப என்ன மாமா? அவையளுக்கு முன்னால மானத்தை வாங்கிப்போட்டியள்.”

“நூறெண்டு எழுதி முகத்துக்கு நேர வைச்சா என்னெண்டு வெட்டுறது? அவன் இருபதையே முழுசாக் காணேல்ல.”

அவன் என்றது தமையனை. மாமாவுக்கு ஒரு தமையன் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர்களுடைய குடும்பம் முல்லைத்தீவுப் பக்கமிருந்து துறைமுக வேலையை நம்பி வந்தது. ஊரில் முகம் தெரிந்தவர்கள் குறைவு. தமையன் வெள்ளைக்காரனின் டொக்யாட்டில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில், கூலிவேலை செய்தான். உள்ளே போக இலக்கம் அடித்த ஒரு பித்தளை வில்லை வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று காலை, தாய் தோய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன், வில்லையைப் பழைய சட்டைப் பையில் விட்டுவிட்டான். வாசலில் மறித்து, போய் எடுத்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுக்க வந்த வழியில்தான் குண்டு விழுந்தது. தகப்பன் தேடிப் போய் வீதியில் கண்டெடுத்து, ஊரே ஓடிக்கொண்டிருந்த அந்த அமளிக்குள் யாருக்கும் சொல்லாமல் அடக்கம் செய்தார்.

“உள்ள போயிருந்தா தப்பியிருப்பாரோ மாமா?”

“உள்ளயும் ஆக்கள் செத்தவை. ஆனா அம்மா சாகுமட்டும் அந்தச் சட்டையைத்தான் திட்டினவ.”

வேலைக்காரர் எல்லோரும் காட்டுப் பக்கம் ஓடிவிட்டதால் டொக்யாட்டில் ஆள் இல்லை. திரும்பி வருகிறவனுக்கு வேலையும் அரிசியும் உண்டு என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். தகப்பனுக்கு இழுப்பு வருத்தம், மூச்சு வாங்கும், வேலை செய்ய முடியாது. தம்பிக்கு, அதாவது மாமாவுக்கு, அப்போது பதினைந்து வயது, ஆனால் தமையனின் உயரம். தகப்பன் வில்லையை எடுத்து அவருடைய கையில் வைத்தார். வாசலில் நின்ற வெள்ளைக்காரன் இலக்கத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. கங்காணியும் புது ஆள். தமையன் அன்று உள்ளே போகாதபடியால் அவன் செத்த கதை டொக்யாட்டுக்குத் தெரியாது. தமையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மாமா கையைத் தூக்கினார். அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் பின்னாளில் சிரித்துச் சொல்லக்கூடிய கதை. எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியையைக் கன்னியாவில், வெந்நீர்க் கிணறுகளடியில் செய்வார்கள். அந்த மாதம் அங்கே சனம் நெருங்கியது. இவர்களும் போனார்கள். பிண்டம் வைத்து, தம்பியைத் தர்ப்பை போட்டு இருத்திவிட்டு, ஐயர் இறந்தவரின் பெயரைக் கேட்டார். தகப்பன் சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலே டொக்யாட் கங்காணி தன் வீட்டுச் சாவுக்குக் கிரியை செய்துகொண்டு நின்றார். மூத்தவனின் பெயர் அவருடைய காதில் விழுந்தால் வேலை போகும், அரிசி போகும், வெள்ளைக்காரனை ஏமாற்றியதற்கு மறியற்சிறையும் கிடைக்கும். தகப்பன் இளையவனின் பெயரைச் சொன்னார்.

“என்ர பேரைச் சொன்னார் பிள்ளை. நான் அதில குந்தியிருக்கிறன். ஐயர் என்ர பேரைச் சொல்லிச் சொல்லி மந்திரம் ஓதுறார். நான் எள்ளுந் தண்ணியும் இறைக்கிறன். எனக்கு நானே.”

எள்ளும் தண்ணீரும் இறைத்து அனுப்பிய பெயரை வீட்டுக்குள் கூப்பிடக்கூடாது என்று தாய் நம்பினார். கூப்பிட்டால் மிஞ்சிய பிள்ளையும் அந்த வழியே போய்விடும் என்ற பயம். மூத்தவனின் பெயரால் இளையவனைக் கூப்பிடவும் அவருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து மகனே என்ற அர்த்தத்தில் “மோனை” என்று மட்டும் கூப்பிட்டார். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறிய வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். மாமாவுக்கு உண்மையில் ஒரு பெயர் இருந்தது என்பதைப் பிறகு மாமியைத் தவிர வேறு யாரும் அறியவில்லை.

“பிறகாவது மாத்தியிருக்கலாம்தானே?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெள்ளைக்காரன் போன கையோடு சொல்லலாம் என்று நினைத்தாராம். அதற்குள் மொழிப் பிரச்சினையும் கலவரமும் வந்து, தமிழனுக்கு உள்ள வேலை தங்குமா என்றிருந்தது. அது அடங்க, ஒரு றாத்தல் பாண் வாங்க வரிசையில் நின்ற காலம், வீட்டில் குழந்தைகள். அடையாள அட்டை வந்தபோது சொல்லலாம் என்றால் ஓய்வூதியம் கண்முன்னால் நின்றது. பிறகு சண்டை. ஒரு பெயரோடு பிடிபட்டாலே ஆபத்தான காலத்தில் இரண்டு பெயரோடு யார் போய் நிற்பது? இந்திய ஆமி வந்தது, போனது. வீட்டை விட்டு ஓடினோம், வந்தோம், திரும்பவும் ஓடினோம். கடல் வந்தது. சண்டை முடிந்தது.

“முதல்ல வயித்துக்காக அந்தப் பேர். பிறகு உயிருக்காக. இது ஒண்டு முடியட்டும், சொல்லுவம் எண்டு நினைப்பன் பிள்ளை. ஒண்டு முடிய மற்றது வந்திடும்.”

அவருடைய ஆயுசை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஊரில் நடந்த ஒவ்வொன்றும் அவரிடம் வந்து, இப்போது வேண்டாம், பிறகு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கடல் வந்த பிறகு முகாமில் எழும்பி நின்றது ஏன் என்பதும் அன்று விளங்கியது. செத்துப்போன யாரோ ஒருவருக்கும் மாமாவின் அந்தச் சொந்தப் பெயரே இருந்திருக்கிறது. அத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழும்பிவிட்டார்.

மறுநாள் அவர் என்னிடம் இரண்டு காரியம் கேட்டார்.

“நான் செத்தா ஐயருக்கு அவன்ர பேரையே சொல்லுங்கோ. அவனுக்கு இன்னும் ஒண்டும் செய்யேல்ல. எனக்கு எப்பவோ செய்தாச்சு.”

“சரி மாமா.”

“இருக்கேக்க ஒருக்கா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

தன் பெயரைச் சொன்னார். அந்தக் காலத்து முருகன் பெயர்களில் ஒன்று, எந்தத் தெருவிலும் நாலு பேருக்கு இருக்கக்கூடியது. சொல்லிவிட்டு அவருக்கே அது புதிதாகக் கேட்டதுபோல ஒருமுறை தலையை ஆட்டினார்.

முதலாவதை நிறைவேற்றினோம். போன தை மாதம் அவர் போனார். கிரியை செய்ய மகன் கட்டாரிலிருந்து வந்தான். கன்னியாவில் இப்போது சீட்டு வாங்கித்தான் உள்ளே போகவேண்டும், முன்போல வசதியும் இல்லை, ஆனாலும் அங்கேதான் செய்யவேண்டும் என்று நின்றேன். ஐயர் பெயரைக் கேட்க, மகன் தனக்குத் தெரிந்த அப்பப்பாவின் பெயரைச் சொன்னான். வில்லையை எடுக்க வந்த வழியில் செத்த அந்தப் பெடியனுக்குக் கடைசியில் எள்ளும் தண்ணீரும் கிடைத்தது. வரும் வழியில் வாடகை வான் வண்டிக்குள் வைத்து மகனுக்குக் கதையைச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவன், “அப்ப அப்பாவின்ர முதலெழுத்து ஆரின்ர, அம்மா?” என்று கேட்டான். என் கணவரின் பெயருக்கு முன்னால் நிற்பது அந்தப் பெடியன்தான், அவருக்குப் பின்னால்தான் என் மகனும் தபாற்கந்தோரில் நான் போட்ட கையெழுத்தும்.

ஆனால் அவர் இருக்கும்போது கேட்ட மற்றக் காரியம் எனக்கு லேசில் ஏலவில்லை. ஒரு சொல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேநீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று வாயைத் திறப்பேன். “மாமா” என்றுதான் வரும். அவர் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு தேநீரை வாங்கிக்கொள்வார். திரும்பக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது சொல்லியிருப்பேன். தேங்காய் துருவும்போது துருவலைக்குச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. கிணற்றடியில் வாளிக்குச் சொன்னேன், வந்தது. அவருக்கு முன்னால் போனால் என் தாயும் தகப்பனும் மாமியும் சேர்ந்து என் வாயைப் பொத்தினார்கள். பெயரோடு ஐயா சேர்த்துச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். பதினைந்து வயதுப் பெடியனை யார் ஐயா என்று கூப்பிட்டிருப்பார்கள்? எனக்கு எரிச்சலாகவும் வந்தது. ஒரு கிழவனைப் பார்ப்பதே போதும் போதும் என்றிருந்த வீட்டில் இப்போது ஒரு பெடியனும் வந்து குந்திக்கொண்டு, கூப்பிடு கூப்பிடு என்கிறான். வரிசைகள் முடிந்தன, எரிவாயு வந்தது, மாமா மெலிந்துகொண்டே போனார். நான் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவருடைய வருத்தம் எனக்கும் தொற்றிவிட்டது போல.

மார்கழியில் மழை பிடித்துக்கொண்டபோது அவர் படுக்கையோடு ஆகிவிட்டார். உப்பைப் பற்றிய புகார்கூட நின்றுபோனது. அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒரு காலை கஞ்சியோடு போனேன். “மாமா” என்றேன். அசைவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, நல்ல காதுப் பக்கம் போய் “மாமா, மாமா” என்று கூப்பிட்டேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், போர்வைக்கு மேலால் தெரியவில்லை. போய்விட்டார், நான் கூப்பிடாமலே போய்விட்டார் என்று நினைத்த அந்தக் கணத்தில் எனக்குள்ளிருந்து அந்தப் பெயர் வந்தது. ஐயாவும் இல்லை, மாமாவும் இல்லை. விளையாடப் போன பிள்ளையைச் சோறு ஆறுகிறதே என்று குசினி வாசலில் நின்று கூப்பிடுவதுபோல, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, வெறும் பெயர்.

“வாறன்” என்றார்.

கண் திறக்கவில்லை. குரல் தெளிவாக இருந்தது. அந்த வீட்டில் நாற்பது வருடமாக நான் கேட்ட குரல் அல்ல அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது, கஞ்சி கொடுப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஆனாலும் நான் இன்னொருமுறை கூப்பிட்டேன். கூப்பிட ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

“வாறனெண்டு சொன்னனான்தானே!” என்று எரிந்து விழுந்தார்.